ஆர்டித் வீட்டுக்கு வந்து போன கவர்னர்

ஆர்டித் மைன்ட்ஸ் வீட்டு வாசலில் வெளிமாநில நம்பர் போட்ட பச்சை ப்யூக் கார் மூன்றாவது தடவையாக வந்து நின்ற வாரத்தில், டெல்மர் தன் காபிக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்து வைத்தான். அதில் ‘ஸ்வான்ஹோம்’ என்று பெயர் எழுதி ஒட்டினான். ஏற்கெனவே அங்கே நாலைந்து ஜாடிகள் இருந்தன. காபி குடித்துவிட்டுப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஆளின் ஜாடியில் ஒரு மக்காச்சோள மணியைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அடுத்த ஜனாதிபதி தேர்தலுக்குக் கட்சி யாரை நிறுத்தும் என்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் ஜோசியம்.

தேர்தலுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. வேறு ஊர்க்காரர்களுக்கு அது ரொம்ப சீக்கிரம். எங்களுக்கு இல்லை. தேர்தல் வருஷம் பிப்ரவரியில் நாட்டிலேயே முதலில் கூட்டம் போட்டு, கட்சி சார்பில் யார் நிற்பது என்று சொல்வது எங்கள் அயோவா மாநிலம்தான். அதனால் அந்த ஆசை பிடித்தவன் எவனும் முதலில் எங்கள் பக்கம்தான் வருவான். பன்றிக் கொட்டகையில் நின்று படம் எடுத்துக்கொள்வான், சோளக் கதிரைக் கடிப்பான், யார் வீட்டு முன்னறையிலாவது உட்கார்ந்து காபி குடிப்பான். இதையே வருஷக்கணக்காகப் பார்த்து எங்கள் ஆட்களுக்கு ஒரு புத்தி வந்துவிட்டது. வெளிமாநில அரசியல்வாதி ஒன்றுக்குப் போக இந்த வழியில் வண்டியை நிறுத்தினாலும், அவன் நிற்கப் போகிறான் என்றுதான் அர்த்தம்.

லைல் ஸ்வான்ஹோம் பக்கத்து மாநிலத்தில் ஒரு காலத்தில் கவர்னராக இருந்தவர். ஒரே ஒரு தடவைதான். சாலை போட வரியை ஏற்றினார். ஜனங்கள் சாலையை வாங்கிக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவர் எங்கள் ஊருக்கு எதற்கும் நிற்க வரவில்லை. ஆர்டித்தைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டு வந்தார். அந்த விஷயம் அவருக்கும் ஆர்டித்துக்கும் பக்கத்து வீட்டில் இருக்கிற எனக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது.

ஆர்டித் பெரிய அழகியும் இல்லை, பெரிய பேச்சுக்காரியும் இல்லை. தானியக் கிடங்கில் லாரி எடை போடுகிற மேடையில் வேலை. அறுபது தாண்டியும் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருடைய சோளம் ஈரம், யாருடையது காய்ந்தது என்று மூஞ்சிக்கு நேரே சொல்லுவாள். அவள் கணவன் வென்டெல் பன்றி வளர்த்தான், கூடவே எங்கள் வட்டாரத்தில் கட்சியையும் வளர்த்தான். பன்றிதான் நன்றாக வளர்ந்தது. ஒரு அறுவடையில் இயந்திரத்தின் மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. வென்டெல் போன பிறகும் கட்சிக்காரர்கள் அவள் வீட்டை விடவில்லை. அந்த முன்னறை பெரியது, லூதரன் சபையின் மடக்கு நாற்காலிகளும் பக்கத்திலேயே கிடைக்கும். எனவே யார் வந்தாலும் ஆர்டித் வீட்டில்தான் காபி.

அவளும் சலிக்காமல் போட்டுக் கொடுத்தாள். நான் கூடமாட உதவிக்குப் போவேன். எல்லோரும் போன பிறகு தட்டுக் கழுவும்போதுதான் அவளுக்கு வாய் திறக்கும்.

“இவன் நாலு துண்டு கேக் தின்னான் மெர்னா, என் பேரு என்னன்னு அவனுக்குத் தெரியல.”

“சின்ன வயசுக்காரன். தெரிஞ்சுக்குவான்.”

“தெரிஞ்சுக்குவான். பிப்ரவரி வரைக்கும் ஞாபகம் வச்சிருப்பான். கிறிஸ்துமஸ் கார்டு அனுப்புவான். கூட்டம் முடிஞ்ச மறுநாள் போன் அடிச்சுப் பாரு, எந்த ஆர்டித்னு கேப்பான்.”

அவள் கசந்துபோய்ச் சொல்லவில்லை. ஈரச் சோளத்தை ஈரம் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

லைலை அவள் சந்தித்தது தன் அக்காவின் சாவுச் சாப்பாட்டில். அக்கா அவருடைய ஊரில் இருந்தவள். சபைக் கீழ்த்தளத்தில் எல்லோரும் பன்றிக்கறி ஹாம் வைத்த ரொட்டியும் உருளைக்கிழங்கு சாலடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மனுஷர் சாலட் பிரமாதம் என்றாராம். “பிரமாதம் இல்லை, வினிகர் பத்தலை. செத்தவ செஞ்சிருந்தா சரியா இருந்திருக்கும்” என்று இவள் சொன்னாளாம். அவர் சிரித்துவிட்டு, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அவர் மனைவி போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு போன், பிறகு கார்.

ஊருக்கு ஏன் சொல்லவில்லை என்றால், எங்கள் ஊர் அப்படிப்பட்டது. உலை வாயை மூடலாம், டெல்மர் கடை வாயை மூட முடியாது. “அவரைப் பத்தி அவங்க என்ன நினைச்சாலும் நினைச்சுட்டுப் போகட்டும். என்னைப் பத்தி நினைக்காம இருந்தாச் சரி” என்றாள் ஆர்டித். அடுத்த வருஷம் அக்டோபரில் போதகரை மட்டும் வைத்துக் கல்யாணம் முடித்துவிட்டு அப்புறம் சொல்வதாக ஏற்பாடு. கிடங்கில் லீவுகூடச் சொல்லிவைத்துவிட்டாள். வென்டெலின் சட்டைகளை மூட்டை கட்டிச் சபையில் கொடுத்தாள். அந்த அலமாரி அத்தனை வருஷம் கழித்துக் காலியாக இருந்ததை எனக்குத் திறந்து காட்டினாள்.

இதெல்லாம் தெரியாமல் கடையில் ஆராய்ச்சி நடந்தது. அதற்குத் தலைவர் என் வீட்டுக்காரர் ஹார்லன்.

“சும்மா ஆப்பிள் பை தின்னவா ஒரு மனுஷன் நானூறு மைல் ஓட்டிக்கிட்டு வருவான்?” என்றார் ஹார்லன்.

“ஏன், என் கடைப் பைக்கு வரக்கூடாதா?” என்றான் டெல்மர்.

“உன் கடைப் பைக்கு நான் ரோட்டைத் தாண்டி வர்றதே பெருசு. யோசிச்சுப் பாருய்யா. முதல் தடவை எப்ப வந்தான்? பிப்ரவரில. ஆசை இல்லாதவன் எவனாவது பிப்ரவரில அயோவாவுக்கு வருவானா?”

“போன வாரம் நம்ம விவசாயிங்க போடற விதைக் கம்பெனித் தொப்பி போட்டிருந்தாரு.”

“புதுசா, பழசா?”

“பழசு. ஓரம் நைஞ்சுபோயிருந்துச்சு.”

“அப்பச் சந்தேகமே இல்ல. புதுசுன்னா எவனோ வாங்கிக் குடுத்தது. பழசுன்னா தேடி எடுத்துப் போட்டிருக்கான். கெட்டிக்காரன்.”

“நானே நேரா கேட்டுட்டேன்” என்றான் டெல்மர். “நிக்கிறீங்களா கவர்னர்னு. இல்லவே இல்லைன்னுட்டாரு.”

ஹார்லன் மேஜையைத் தட்டினார். “பாத்தியா! யோசிக்கிறேன்னு சொல்றவன் கடைசில நிக்க மாட்டான். இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொல்றான்னா எல்லாம் முடிவாயிடுச்சு!”

மூலையில் உட்கார்ந்திருந்த கிழவர் ஓர்வில்லுக்குக் காது மந்தம். “யாருக்கு முடிஞ்சிருச்சு? எப்ப அடக்கம்?” என்று கேட்டார்.

“யாரும் சாகல ஓர்வில். ஜனாதிபதியப் பத்திப் பேசறோம்.”

“அவன் செத்தாலும் பரவால்ல” என்றார் ஓர்வில்.

வீட்டுக்கு வந்தும் ஹார்லனுக்கு அதே பேச்சுதான். “நீதான் பொழுதன்னிக்கும் அந்த ஜன்னல்ல நிக்கறியே மெர்னா, ஆர்டித் வீட்டுக்குள்ள அவங்க என்னதான் பேசறாங்க?”

“எனக்கு இங்கேருந்து என் பாத்திரம்தான் தெரியுது.”

“வரி பத்திப் பேசுவாங்களோ? சோள எத்தனால் பத்தி?”

“உப்புப் பத்திப் பேசுவாங்க. சாப்பிடு.”

சோள மணி போட்டதோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மாவட்டத் தலைநகரில் இருந்து வருகிற பத்திரிகையில் அரசியல் பத்தி எழுதுகிறவன், எழுத விஷயம் இல்லாத ஒரு வாரத்தில் டெல்மருக்குப் போன் போட்டிருக்கிறான். ஜாடியில் யார் முன்னால் என்று கேட்டிருக்கிறான். ‘பேச்சில் அடிபடும் பெயர்கள்’ என்று அவன் எழுதியதில் கடைசிப் பெயர் ஸ்வான்ஹோம். அதைப் பெரிய பத்திரிகை எடுத்துப் போட்டது. அதைப் பார்த்துவிட்டு அவருடைய ஊர்ப் பத்திரிகை அவரையே கூப்பிட்டு, “அயோவாவில் உங்களுக்கு இவ்வளவு ஆதரவாமே, நீங்கள் ஏன் எங்களிடம் சொல்லவில்லை?” என்று கேட்டது. அந்த ஊர்க்காரர்கள்தான் ஒரு காலத்தில் அவரை வேண்டாம் என்று அனுப்பியவர்கள். காய்ந்த மாடு கம்பில் விழுந்தது.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆர்டித்தின் கேசரோல் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் பின்வாசல் வழியாகப் போனேன். சாப்பாடு முடிந்திருந்தது. கவர்னர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தொட்டியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அதைச் செய்வார், சொல்லாமலே செய்வார். ஆனால் அன்றைக்கு அவர் சட்டைப் பையில் பத்திரிகைத் துண்டு மடித்து வைத்திருந்தது.

“மெர்னா, நீங்க ஒளிவுமறைவு இல்லாம பேசறவங்க. சிரிக்காமச் சொல்லுங்க. என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?” என்றார்.

“தட்டுக் கழுவத் தெரிஞ்ச ஆம்பிளையாத் தெரியுது. அந்த ஓரத்துல இன்னும் கடுகு ஒட்டியிருக்கு.”

அவர் சிரித்தார். ஆர்டித் சிரிக்கவில்லை. மிச்ச ஹாமைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தவள், “அவளுக்கும் சொல்லுங்க லைல். என்கிட்டச் சொன்னதச் சொல்லுங்க” என்றாள்.

“ஒண்ணும் பெருசா இல்ல. ரெண்டு மூணு பேர் போன் பண்ணாங்க. சும்மா ஒரு சுத்து சுத்திப் பாக்கலாமேன்னு. நம்ம மாதிரி ஊர்களப் பத்தி யாராவது பேசணுமில்லியா? ஜெயிக்கப் போறதில்ல. அது எனக்குத் தெரியாதா?”

“அக்டோபரைச் சொல்லுங்க” என்றாள் ஆர்டித்.

கவர்னர் துணியில் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். “கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாமான்னு கேட்டேன். கூட்டம் முடியற வரைக்கும். இல்லாட்டி இப்பவே செஞ்சுக்கிட்டு ரெண்டு பேருமாச் சேந்து சுத்தலாம். எனக்கு யோசனை சொல்றவர்கூடச் சொல்றாரு, தனி ஆளா நிக்கறதவிட இந்த ஊர்ப் பொண்ணு ஒருத்தி கூட இருந்தா...”

அதோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்தினது நல்லது, ஆனால் தாமதம்.

“நான் கூட இருந்தா எத்தனை ஊர் ஓட்டு வருமாம்?” என்று கேட்டாள் ஆர்டித். குரலை உயர்த்தவே இல்லை.

“ஆர்டித், நான் அப்படிச் சொல்லல.”

“நீங்க சொல்லல. யோசனை சொல்றவர் சொன்னாரு. நீங்க அதக் கேட்டுட்டு இங்க வந்து சொல்றீங்க. லைல், இந்த முன்னறைல எத்தனையோ பேர் உக்காந்துட்டுப் போயிட்டாங்க. எல்லாரும் சும்மா ஒரு சுத்துன்னுதான் ஆரம்பிச்சாங்க. அவங்க பொண்டாட்டிங்களையும் நான் பாத்திருக்கேன். அந்த ஓர நாற்காலில உக்காந்து, நூறாவது தடவையா அதே பேச்சக் கேட்டுத் தலையாட்டுவாங்க. எனக்கு அது ஆகாது. புருஷன் வேணும்னுதான் சரின்னு சொன்னேன்.”

“பிப்ரவரி வரைக்கும்தான்.”

“எல்லாருக்கும் பிப்ரவரி வரைக்கும்தான்.”

நான் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த அக்டோபரில் ஆர்டித் லீவு எடுக்கவில்லை. அறுவடைக் காலம் வேறு, லாரிகள் வரிசையாக நின்றன.

தான் நிற்பதாக அவர் முறையாக அறிவித்துவிட்டார். அறிவித்த பிறகு அவர் பேச வந்த முதல் ஊர் எங்களுடையதுதான். வேறு எந்த வீடு? வட்டாரக் கட்சிக்காரர்கள் ஆர்டித்தைக் கேட்டார்கள், அவளும் மறுக்கவில்லை. மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே. நாற்காலி போட்டோம், காபி போட்டோம், இலவங்கப்பட்டை ரோல் சுட்டோம். முன்னறை நிறைந்து ஜனம் படிக்கட்டு வரை நின்றது. ஹார்லன் வாசலில் நின்றுகொண்டு தான் பெற்றுப் பெயர் வைத்த பிள்ளைக்கு விழா எடுக்கிற மாதிரி எல்லோரையும் வரவேற்றார்.

கவர்னர் நீலக் கோட்டில் வந்தார், கூட இரண்டு பேர். வாசற்படியில் ஆர்டித் நின்றிருந்தாள். அவர் தன் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்தார். பிறகு ஒரு கையை மேலே நகர்த்தி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பார்த்து, “உங்க வீட்டத் திறந்துவிட்டதுக்கு ரொம்ப நன்றி” என்றார். ஊர்க்காரர்கள் பார்க்கிறார்களே என்று அப்படிச் செய்தாரோ, கை பழகிவிட்டதால் செய்தாரோ, எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

“வாங்க கவர்னர், காபி சூடா இருக்கு” என்றாள் ஆர்டித்.

நன்றாகத்தான் பேசினார். சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. எல்லோரும் கைதட்டினார்கள். போகும்போது தட்டைக் கழுவவில்லை, அதற்கு அவருக்கு நேரமும் இல்லை. அடுத்த ஊரில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

தொட்டியில் நின்றுகொண்டு ஆர்டித் சொன்னாள்: “முழங்கையப் புடிச்சாரு மெர்னா.”

“ஓட்டுக்கு வர்றவங்க எல்லாரும்தான் புடிக்கறாங்க.”

“ஆமா. எல்லாரும்தான்.”

அதற்குப் பிறகு பச்சைக் கார் அவள் வாசலில் நிற்கவில்லை. போனும் குறைந்தது. அவர் மாநிலத்தின் இன்னொரு மூலையில் எங்கேயோ காபி குடித்துக்கொண்டிருந்தார். கருத்துக் கணிப்பில் நூற்றுக்கு இரண்டு பேர் அவர் பக்கம் என்று பத்திரிகை போட்டது. எங்கள் ஊரில் மட்டும் கதை வேறு. அவரைக் கண்டுபிடித்ததே நாங்கள்தான் என்று எங்கள் ஆட்களுக்குப் பெருமை. முதல் ஜாடி வைத்தது யார்? தொப்பியைப் பார்த்தே சொன்னது யார்? ஆகவே ஊரே அவர் பின்னால் நின்றது. வட்டாரத்தில் அவருக்கு ஆள் சேர்க்கிற பொறுப்பை ஹார்லன் எடுத்துக்கொண்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடம் இல்லை, துண்டுப் பிரசுரம்தான் கிடந்தது.

எங்கள் கூட்டத்தில் ஓட்டுச் சீட்டு கிடையாது. பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடுவோம். யாரை ஆதரிக்கிறோமோ அந்த ஆளுக்கென்று ஒதுக்கின மூலையில் போய் நிற்க வேண்டும், அண்டை அயல் எல்லோரும் பார்க்க. நிற்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஆளுக்காகவும் உள்ளூர்க்காரர் ஒருவர் எழுந்து ஒரு நிமிஷம் பேசுவது வழக்கம். ஸ்வான்ஹோமுக்காக ஆர்டித் பேச வேண்டும் என்று ஹார்லன் பிடிவாதம் பிடித்தார்.

“அவர் முதல்ல வந்த வீடு உன் வீடு. உன்னவிட அவரத் தெரிஞ்சவங்க இங்க யாரு இருக்கா?”

“எனக்குப் பேச வராது ஹார்லன்.”

“லாரிக்காரங்களத் திட்டறப்ப மட்டும் வருது? ஒரு நிமிஷம்தான். மனசுல பட்டதச் சொல்லு, போதும்.”

இரண்டு தடவை மாட்டேன் என்றாள். கூட்டத்தன்று காலை தானே எங்கள் பின்வாசலுக்கு வந்து, சரி என்றாள். ஹார்லன் அவளைக் கட்டிக்கொள்ளாத குறை. அவர் அந்தப் பக்கம் போனதும் நான் கேட்டேன், “என்ன சொல்லப் போற?”

“அவன்தானே சொன்னான், மனசுல பட்டதச் சொல்லுன்னு.”

சாயங்காலம் பனி பொழிந்துகொண்டிருந்தது. கூடத்தில் ஈரக் கம்பளி நாற்றமும் தரை மெழுகு நாற்றமும். ஸ்வான்ஹோமுக்குக் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே இடம். அந்தப் பக்கம்தான் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. நான் முதலிலிருந்தே வேறு மூலைதான், அது ஹார்லனுக்கும் தெரியும். அதற்காக எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சு இல்லை.

மற்ற ஆட்களுக்காகப் பேசினவர்கள் தாளைப் பார்த்து வாசித்தார்கள். ஆர்டித் கையில் தாள் இல்லை. கிடங்கில் போடுகிற பழைய கோட்டோடு நடுவில் போய் நின்றாள்.

“எல்லாருக்கும் என்னைத் தெரியும். லைல் ஸ்வான்ஹோம் நல்ல மனுஷர். நாம சொல்றத முழுசாக் கேப்பாரு. அழுகை வந்தா மறைக்க மாட்டாரு. சாப்பிட்ட தட்ட அவரே கழுவுவாரு. ஜனாதிபதியா இருந்தா நல்லாத்தான் செய்வாரு” என்றாள்.

ஹார்லன் கைதட்டப் போனார்.

“ஆனா அவரு இந்த ஊருக்கு நிக்க வரல. என்னைப் பாக்க வந்தாரு. நாங்க கல்யாணம் பண்ணிக்கறதா இருந்துச்சு. ரெண்டு வருஷமா நீங்கள்லாம் சேந்து அவரு நிக்கறாரு, நிக்கறாருன்னு சொல்லிச் சொல்லி, அவரும் நம்பி நின்னுட்டாரு. உங்க மேல கோபம் இல்ல. நான் முதல்லயே வாயத் திறந்து சொல்லியிருந்தா நீங்க இதக் கெளப்பியிருக்க மாட்டீங்க. இப்பச் சொல்றேன். தயவுபண்ணி அந்த மூலைல நிக்காதீங்க. நாட்டுக்கு இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க. எனக்கு இவருதான் இருக்காரு.”

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். முகம் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது.

 ஓர்வில்தான் முதலில், “என்ன சொன்னா?” என்று கேட்டார்.

டெல்மர் அவர் காதருகே குனிந்து கத்தினான். “அவளுக்கு அவரு வேணுமாம்!”

“எவரு?”

“ஸ்வான்ஹோம்!”

“அதுக்குத்தானே எல்லாரும் வந்திருக்கோம்?” என்றார் ஓர்வில்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஆர்டித்தே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹார்லன் மட்டும் கூட்டத் தலைவியிடம் ஓடினார். “இது செல்லாது! ஆதரிச்சுப் பேசத்தான் ஒரு நிமிஷம், எதுத்துப் பேச இல்ல!”

“அவ எங்க எதுத்துப் பேசினா? இந்த ரூம்லயே அவரு மேல அதிக ஆதரவு அவளுக்குத்தான். உக்காருங்க ஹார்லன்” என்றாள் தலைவி.

மூலையில் நிற்கிற நேரம் வந்தது. வளையத்துக்குக் கீழே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பூட்ஸில் ஒட்டின பனியைத் தட்டுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு, ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். டெல்மர் நகர்ந்தான். போதகர் நகர்ந்தார். கடைசியில் ஹார்லனும் ஓர்வில்லும் மட்டும் நின்றார்கள். ஓர்வில்லுக்கு முட்டி வலி, அவரை யாரும் நகரச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கெல்லாம் கணக்கு கிடையாது என்று அந்த மூலையைக் கலைத்துவிட்டார்கள்.

காரில் திரும்பும்போது ஹார்லன் துடைப்பானைப் போட்டுக் கண்ணாடிப் பனியைத் தள்ளினார். பிறகு கேட்டார், “உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ரெண்டு வருஷமாவா?”

“ஆமா.”

“கட்டின புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா?”

“உன்கிட்டச் சொன்னா விடியறதுக்குள்ள டெல்மருக்குத் தெரியும். ரோட்டப் பாத்து ஓட்டு.”

எங்கள் ஊரால் எதுவும் மாறிவிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மாநிலம் முழுக்க ஸ்வான்ஹோமுக்கு ஒன்றும் தேறவில்லை. எங்கள் ஊர் மொத்தமும் வளையத்துக்குக் கீழே நின்றிருந்தாலும் அதேதான். இரண்டு நாள் கழித்து அவர் விலகிக்கொண்டதைப் பத்திரிகை உள்பக்கத்தில் போட்டது.

ஆர்டித் வேலைக்குப் போனாள், வந்தாள். கிடங்கில் லாரிக்காரர்கள் அவளைக் கிண்டல் செய்தார்கள், அவளும் திருப்பிக் கொடுத்தாள். போன் வந்ததா என்று நான் கேட்கவில்லை. வந்திருந்தால் அவள் சொல்லியிருப்பாள்.

சனிக்கிழமை நான் எங்கள் வீட்டு வழியில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். பச்சைக் கார் ஆர்டித் வாசலில் வந்து நின்றது. கவர்னர் தனியாக இறங்கினார். ஆள் இளைத்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், கை குலுக்க வரவில்லை. படியேறிக் கதவைத் தட்டினார். ஆர்டித் உள்கதவைத் திறந்தாள், வெளிக் கண்ணாடிக் கதவைத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். நான் பனி தள்ளுவதை நிறுத்தவில்லை. ஆனால் சத்தம் வராமல் தள்ளினேன்.

“டெல்மர் போன் பண்ணாரு. நீ பேசினத வரி விடாம சொன்னாரு” என்றார் கவர்னர்.

“நான் உங்களுக்காக நிக்கல.”

“தெரியும்.”

“மத்தவங்களையும் நிக்க விடல.”

“அதுவும் தெரியும். மத்த ஊருங்கள்ல நீ சொல்லாமயே யாரும் நிக்கல.”

ஆர்டித் சிரிக்கவில்லை. “எந்த ஆர்டித்னு ஞாபகம் இருக்கா?” என்றாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். தலையில் பனி விழுந்தது. “உன் முழங்கையப் புடிச்சேன் பாரு, அன்னிக்கு வாசல்ல. கார்ல போறப்பதான் உறைச்சுது. திரும்பி வந்திருக்கணும். அடுத்த ஊர்ல ஆளு நிறைய இருக்காங்கன்னு சொன்னாங்க. போயிட்டேன்.”

“திரும்ப யாராவது உங்க பேர எழுதிப் போட்டா?”

“ஆசை வரும்” என்றார். “வராதுன்னு சொன்னா பொய். வந்தா உன்கிட்டச் சொல்றேன். பத்திரிகைக்காரன்கிட்டச் சொல்றதுக்கு முந்தி.”

ஆர்டித் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரமா காய்ந்ததா என்று ஒரு கைப்பிடி சோளத்தைப் பார்ப்பாளே, அப்படி. பிறகு கண்ணாடிக் கதவின் கொக்கியை எடுத்தாள்.

“பூட்ஸ வெளியிலயே கழட்டிட்டு வாங்க. இப்பத்தான் தரையத் துடைச்சேன்.”